பிளாட் போட வந்தவன்

புது நெல் ரகம் கண்டுபிடித்தவருக்குச் சால்வை. அதை நட்டுப் பார்க்க வயல் தேடி அலைகிறவனுக்குச் செருப்புத் தேய்மானம். வெயிலில் வயல் வயலாக வண்டி ஓட்டிப் பிழைக்கும் என் போன்ற வேளாண் துறைக் களப்பணியாளர்களுக்கு இது புரியும்.

"ஒரகடம் பக்கம் முழுக்கத் தொழிற்சாலை, இனி ஏது விவசாயம்? சோதனை இடங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்" என்றார் எங்கள் அதிகாரி. நான் அதே பக்கத்து மண்ணூர்க்காரன், ரோஷம் வந்துவிட்டது. இரண்டு வருஷம் தவணை கேட்டு வாங்கினேன்.

ரோட்டோர போர்டு

ஒரகடத்துக்குப் பக்கத்து வல்லம் வடகாலில், ஒரு தொழிற்சாலைச் சுவரை ஒட்டி அருமையான வயல். சொந்தக்காரர் கன்னியப்பன் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்ப்பவர். ஷிப்ட் முடிந்தால் விவசாயம். அவர் மனைவி தேவகியிடம், "உங்க நிலத்துல டிரையல் பிளாட் போடணும்" என்றேன். எங்கள் துறையில் அது சோதனைப் பாத்தி. இந்தப் பக்கத்தில் பிளாட் போடுவதென்றால் வயலை மனையாக்குவது. போதாக்குறைக்கு என் கையில் டேப்பும் முளைக்குச்சியும் வேறு.

"இன்னா சார், நெலம் விக்கிறதுக்கு இல்லன்னு ரோட்டாண்டயே போர்டு நட்டுகீறோமே, கண்ணு தெரியலயா?"

சுவர் விளக்கு

ஒருவழியாகச் சமாதானம் செய்து சம்பா ரகங்களை நட்டோம். மண், தண்ணீர், மேடு பள்ளம் எல்லாம் பார்த்த நான், தொழிற்சாலைச் சுவரில் ராத்திரி முழுக்க எரியும் பெரிய விளக்கைக் கவனிக்கவில்லை. நாங்கள் நட்ட ரகங்கள் பூக்க நீண்ட இருட்டு வேண்டும். மற்ற பாத்திகள் கதிர் தள்ளியபோது சுவரோரத்துப் பாத்திகள் பச்சையாகவே நின்றன. ஒரு வருஷம் வீண். தப்பு முழுக்க என்னுடையது, வெட்கமாக இருந்தது. கன்னியப்பன் சிரித்துவிட்டார்.

"பயிருக்கு நைட் ஷிப்ட் போட்டா அது எப்டி சார் பூக்கும்? நாங்களே வாடிப் போறோம்!"

கடைசி வாய்ப்பு

மறுவருஷம் விளக்கு எட்டாத வயலைக் கன்னியப்பனே காட்டினார். கம்பெனி பழக்கத்தில் பாத்திக்குப் பாத்தி அட்டை கட்டினார். தண்ணீர் விட்டது, களை எடுத்தது எல்லாம் அன்றன்றே எழுதினார். அவர் ஷிப்டில் இருந்தால் தேவகி எழுதினார். அறுவடைக்குப் பின் எல்லா ஊர் விவரத்தையும் வைத்துப் பார்த்தோம். ஒரே ரகத்தை நட்ட மூன்று பாத்திகளும் ஒன்றுபோல் விளைந்தது எங்கள் வயலில்தான். சோதனையை நம்பலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். அதிகாரி புதுப் பட்டியலில் வல்லம் வடகாலை முதல் பெயராக எழுதினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டியை விரட்டிப் போய்ச் சொன்னேன். கன்னியப்பன் அசரவே இல்லை.

"இதுல இன்னா சார் கீது? நம்ம லைன்ல ரிஜெக்ட் வராது."

இப்போது அந்த ரோட்டோரத்தில் என் போன் நம்பரோடு 'டிரையல் பிளாட்' என்று இன்னொரு போர்டும் நிற்பதால், சதுர அடி என்ன விலை என்று தினமும் நாலு பேர் என்னைக் கேட்கிறார்கள்.