ஒடிக்காமல் விட்ட கோஸ் பூ

பதினெட்டு வயதில் காங்வா தீவுக்கு மருமகளாக வந்தவள் ஒக்பூன். நாற்பத்தைந்து வருஷம் கணவனோடு நெல்லும் கோஸும் மிளகாயும் போட்டாள். ஒரே மகன் தேஜூவை வளர்த்து இஞ்சொன் நகரத்துக்கு வேலைக்கு அனுப்பினாள். ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தேஜூ அம்மா, அவ்வளவுதான். தேஜூ அம்மா பொய் சொல்வாள் என்று யாரும் நினைத்ததும் இல்லை.

அந்தத் தீவு மண்ணுக்கென்றே ஒரு டர்னிப் உண்டு. ஊதாத் தோல், பம்பரம் போன்ற கிழங்கு. கடித்தால் கடுகு மாதிரி மூக்கில் ஏறும். மிளகாய்த்தூளும் உப்பில் ஊறிய பொடி இறாலும் சேர்த்துக் கிம்ச்சி ஊறுகாய் போட்டால் வேறு எதுவும் வேண்டாம், சோறு தானாக இறங்கும். அதன் கீரையை உலர்த்தி வைத்துப் பனிக்காலம் முழுக்கச் சோயா விழுது கரைத்துக் கொதிக்கவிடுவார்கள். ஒக்பூனின் தெருவில் பதினோரு வீடு. எல்லோருக்கும் விதை பக்கத்து வீட்டுத் தல்லே அக்காவிடமிருந்துதான். அறுவடையில் பன்னிரண்டு நல்ல கிழங்குகளைப் பொறுக்கி, வைக்கோலில் புதைத்து வைத்து, வசந்தத்தில் மறுபடி நட்டுப் பூக்கவிட்டு விதை எடுப்பாள்.

முள்ளங்கி பக்கத்தில் பூத்தால் தொந்தரவில்லை. கிம்ச்சிக்குப் போடுகிற நீளக் கோஸ் பூக்கக் கூடாது. கோஸும் டர்னிப்பும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தேனீ இரண்டையும் கலந்துவிடும். அதனால் தல்லே வருஷா வருஷம் வீடு வீடாகப் போய், கோஸ் பூந்தண்டை ஒடித்தாயிற்றா என்று கேட்பாள். கேட்பதோடு சரி. உள்ளே போய்ப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

அந்த வருஷம் தை மாதக் குளிரில் ஒக்பூனின் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் அவர் தாமதமாகப் போட்ட கோஸ், தலை கட்டாமல், அவர் மூடிய வைக்கோலுக்கு அடியிலேயே பிழைத்துக் கிடந்தது. வசந்தத்தில் தண்டு நீட்டி மஞ்சளாகப் பூத்தது. அரிவாளை எடுத்துக்கொண்டு இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பினாள். மூன்றாம் நாள் தல்லே வாசலில் நின்று கேட்டாள்.

"ஒடிச்சுட்டேன் அக்கா," என்றாள் ஒக்பூன்.

பூ இருபது நாள் நின்றது. காலையில் அதன் பக்கத்தில் போய் உட்காருவாள். தேனீக்கள் வந்தன. அவை சுவரைத் தாண்டித் தல்லேயின் தோட்டத்துப் பக்கம் போவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வசந்தத்து விதையைக் கோடை முடிவில் விதைத்து, குளிருக்கு முன்னால் பிடுங்கினார்கள். பதினோரு வீட்டிலும் ஒரே கதை. வெளுத்து, பிளந்து, எலிவால் போலக் கிழங்கு. மேலே கோஸ் மாதிரி அகன்ற இலை. எதிர்வீட்டு மான்சொக், "கோஸுக்கு வால் முளைச்சிருக்கு அத்தை," என்று தல்லேயிடம் சொல்லிச் சிரித்தான். தல்லே சிரிக்கவில்லை. தாய்க் கிழங்கைத் தப்பாகப் பொறுக்கிவிட்டேன், கண் போய்விட்டது என்று தானாகவே முடிவு கட்டினாள். ஊசியில் நூல் கோப்பதைக்கூட மருமகளிடம் கொடுத்துவிட்டாள். பாவம், வயசாயிற்று என்றது தெரு. ஒக்பூன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பூசணிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நீ ஒருத்திதான் என்னை விசாரிக்கிறாய் என்று தல்லே சொன்ன அன்றைக்கு ஒக்பூனுக்குத் தன் வீட்டுச் சோறு இறங்கவில்லை.

கிம்ச்சிக்குக் கோஸை உப்பில் போடுகிற நாள். இருவரும் தல்லேயின் முற்றத்தில் இருந்தார்கள். தல்லே உள்ளே போய் ஒரு சின்னப் பாட்டிலோடு வந்தாள். முந்தின வருஷத்து விதையில் மீந்தது. கலப்படமில்லாத விதை இனி அது ஒன்றுதான்.

"கோழிக்குப் போட்டுடறேன்."

"அது நல்ல விதையாச்சே அக்கா."

"விதை நல்லதுதான். பொறுக்கற கண்ணு போச்சே. மறுபடியும் பதினோரு வீட்டைக் கெடுக்கவா? கடையில பாக்கெட் வாங்கிக்கட்டும்."

மூடியைத் திருகிய கையை ஒக்பூன் உப்புக் கையோடு பிடித்துக்கொண்டாள்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லக்கா. நான் பூவ ஒடிக்கல."

தல்லே மூடியிலிருந்து கையை எடுத்தாள்.

"எத்தனை செடி?"

"பதினாலு."

"எத்தனை நாள் நின்னுது?"

"இருபது."

"அவர் போட்டதா?"

ஆமென்று ஒக்பூன் தலையை ஆட்டினாள்.

"அதைச் சொல்லியிருந்தா என் செடிக்கு வலை கட்டியிருப்பேனேடி. உன் பூவும் நின்னிருக்கும். ஒரு வார்த்தை." தல்லே பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "கஞ்சி கொண்டு வந்தியே, அப்பகூடச் சொல்லல."

அழுதால் தப்பித்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும் என்று ஒக்பூன் அழாமல் நின்றாள்.

"நம்ம ரெண்டு வீடு போக ஒம்பது வீடு. என் கண்ணு போச்சுன்னு எல்லாரும் பேசியாச்சு. நீயே போய்ச் சொல்லு. எனக்காக நான் போய்ச் சொல்ல முடியாது."

ஒக்பூன் கையைக் கழுவினாள். முதலில் மான்சொக் வீடு. அவன் மனைவி முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தவள், குளிர்கிறது, உள்ளே வாங்க தேஜூ அம்மா என்று எழுந்தாள்.

ஒக்பூன் செருப்பைக் கழற்றவில்லை.

"இங்கயே நின்னு சொல்லிடறேன். அப்புறமும் கூப்பிடத் தோணினா வரேன்."