எங்கள் அக்கா உட்கார்ந்து சாப்பிட்ட இடம்

அங்கயற்கண்ணி அம்மன் பாதத்தை நினைத்து, இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நட்புகளுக்கும் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். எனக்குப் படிப்பு அதிகம் கிடையாது. குறை இருந்தால் அக்காவின் தங்கை என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அக்கா பிறந்தது அவனியாபுரத்தில். அப்பாவுக்கு லேத் பட்டறை. அம்மா சீக்கிரமே இறைவனடி சேர்ந்துவிட்டதால், அக்கா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தார். எனக்குத் தலை பின்னி, சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, பட்டறை ஆட்களுக்கு உலை வைப்பார். திருமங்கலத்தில் வாக்கப்பட்ட பிறகும் அதே வேலைதான், பாத்திரம்தான் பெரிசு. மாமனார், மாமியார், கொழுந்தன்மார், அத்தானின் விதைக்கடை ஆட்கள் என்று எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சமிருப்பதைத் தட்டில் போட்டு நின்றபடியே சாப்பிடுவார். அப்படிச் சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. உட்கார் என்றும் யாரும் சொல்லவில்லை. மாமியார் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் கையால் ஊட்டிவிட்டவர் எங்கள் அக்கா. அந்த அம்மா கடைசியில் பெற்ற பிள்ளைகளைத் தேடவில்லை, அக்காவைத்தான் தேடினார்.

இதைக் குற்றமாக எழுதவில்லை. "உள்ளத எழுதுத்தா, என்னயப் பாத்து எதையும் மறைக்காத" என்று அத்தானே சொன்னதால் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் நான் அவனியாபுரத்திலேயே இருந்தேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அக்கா திருமங்கலத்தில் பஸ் ஏறிப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். நான் ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்வேன். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு சின்ன சைனீஸ் கடைக்குப் போவோம். நாலு மேசை, பிளாஸ்டிக் சேர், சுவரில் சிவப்பாக ஒரு டிராகன் படம். முதல் தடவை போனபோது அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. முட்ட போட்ட சட்டியில எங்களுக்குச் செஞ்சிராதப்பா."

"இப்பத்தான் கட தொறந்தோம்க்கா. மொதச் சட்டியே ஒங்களுக்குத்தான்."

"நல்லாருப்ப. நீ சைனாவுலருந்தா வந்த?"

"கொட்டாம்பட்டிலருந்துக்கா. பஸ்ல நின்னுக்கிட்டே வந்தா அதுவும் அம்புட்டுத் தூரந்தான்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் கொட்டாம்பட்டி மாஸ்டர்.

ஒரு வெஜ் ஃப்ரைடு ரைஸ், ஒரு கோபி மஞ்சூரியன், ஸ்வீட் கார்ன் சூப் ஒன் பை டூ. ஒரே சூப்பை இரண்டு கிண்ணத்தில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொண்டுவருவார்கள். அக்காவுக்குச் சுவரோரச் சேர்தான். தட்டு வந்ததும் பழக்கதோஷத்தில் எனக்குப் பரிமாற எழுந்துவிடுவார். "உக்காருங்கக்கா, எங்க வேலையப் பறிக்காதீக" என்று மாஸ்டர் கரண்டியை வாங்கிக்கொள்வார். நான் வீட்டுக் கதையை ஆரம்பித்தால் அக்கா விடமாட்டார். "பேச்சு எங்கயும் போயிராது. ஆறுறதுக்குள்ள சாப்புடுடி." ஆவி பறக்கிற சோற்றை எங்கள் அக்கா உட்கார்ந்து சாப்பிட நான் கண்டது அங்கே மட்டும்தான்.

போன வருடம் வயிற்றில் வந்த நோய் அக்காவைப் படுக்கவைத்தது. ஒருநாள் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம கடைக்குப் போவமாடி?" என்றார். நான் ஓடிப்போய் பிளாஸ்கில் சூப் வாங்கி வந்தேன். ஒரு வாய் குடித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்க போயி உக்காந்து குடிக்கணும்" என்றார். "எந்திரிச்சு வாக்கா, போவோம்" என்றேன். அக்கா எழுந்திருக்கவில்லை. இன்றைக்கும் வெள்ளிக்கிழமையானால் என் கால் பெரியார் பக்கமே இழுக்கிறது.

முதல் வருடத் திதிக்கு, போனவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைக்க வேண்டும் அல்லவா. அதைக் கேட்க அத்தான் ஒருநாள் காலையில் வீட்டுக்கு வந்தார்.

"ஏத்தா, ஒங்க அக்காவுக்கு என்ன புடிக்கும்?"

"என்ன அத்தான், ஒங்களுக்குத் தெரியாததா?"

"இம்புட்டு வருசமும் எனக்குப் புடிச்சதத்தான் ஆக்குனா. அவ சாப்புட்டு நான் பாத்ததே இல்லத்தா."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமையே அவரைக் கடைக்கு அழைத்துப் போனேன். என்னைப் பார்த்ததும் மாஸ்டர் கேட்காமலே ஒன் பை டூ கொண்டுவந்துவிட்டார். வைத்த பிறகுதான் நினைவு வந்து அப்படியே நின்றார்.

"அவ எந்தச் சேருல உக்காருவா?" என்று அத்தான் கேட்டார். சுவரோரச் சேரைக் காட்டினேன். ஒரு கிண்ணத்தை அந்தச் சேருக்கு முன்னால் நகர்த்தினார். இன்னொன்றை எனக்குக் கொடுத்தார்.

"ஒங்களுக்கு, அத்தான்?"

"மொத நீங்க ரெண்டு பேரும் சாப்புடுங்க. நான் பெறகு சாப்புட்டுக்கிறேன்."

அக்காவின் கிண்ணம் ஆறும்வரை அத்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்துப் பிரசாதம் போலக் குடித்தார்.

இன்று படையல் இலையில் பொங்கல், வடையோடு வெஜ் ஃப்ரைடு ரைஸும் சூப்பும் இருக்கும். "எலையில சைனாக்காரன் சோறா?" என்று எங்கள் சித்தி முகம் சுளித்தார். "கொட்டாம்பட்டிச் சோறுதான் சித்தி" என்று அத்தான் முடித்துவிட்டார். ஆகவே யாரும் தப்பாக எண்ண வேண்டாம்.

அக்காவைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்த மருத்துவர்களுக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கும், ரத்தம் கொடுத்த பட்டறைத் தம்பிகளுக்கும், துக்கத்தில் அடுப்புப் பற்றவைக்க முடியாதிருந்த நாட்களில் சோறு கொண்டுவந்த திருமங்கலத்துத் தெரு மக்களுக்கும், இன்று கடையை அடைத்துவிட்டுச் சட்டியோடு வந்திருக்கும் மாஸ்டருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அம்மன் எல்லாரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

அத்தான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளச் சொன்னார். படையல் முடிந்ததும் முதல் பந்தியில் பெண்கள் எல்லாரும் உட்கார வேண்டும். பரிமாறப் போவது அத்தான். யாரும் வாளியை வாங்க எழுந்துவிடாதீர்கள், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்.