ஐஸ் மாமாவின் கை

என் அக்கா புருஷனைத் தெருவே ‘ஐஸ்’ என்றுதான் கூப்பிடும். ஐஸ் ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷம். கட்டிகளைக் கொக்கியால் இழுத்து லாரியில் ஏற்றுகிற வேலை. கையுறை கொடுத்தால் மகளுக்கு விளையாடத் தந்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் ஓசைப்படாமல் பின்னால் போய் அக்காவின் கழுத்தில் கையை வைப்பார். "அட எடுங்க, உயிரே போகுது!" என்று அவள் கத்துவாள். மனுஷனுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

மாமாவுக்குக் காய்ச்சல் வந்த மூன்றாம் நாள், ரத்தத்தைப் பார்த்து டெங்கு என்றார்கள். கிளினிக் நர்ஸ் என்னையும் அக்காவையும் நிற்க வைத்துப் படித்துப் படித்துச் சொன்னார். "காய்ச்சல் விட்டதும் சரியாப்போச்சுன்னு நெனச்சிடாதீங்க. அப்பதான் ஆபத்து. வயித்துவலி, வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் சில்லுன்னு ஆகுறது, எது வந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்." பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன். அதில் எனக்கு நிகர் நான்தான்.

ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. அக்கா சந்தோஷத்தில் அழுதே விட்டாள். பதினோரு மணிக்கு வயிறு வலிக்கிறது என்றார். நாலு நாள் பட்டினி, வலிக்காதா என்றேன். ஒரு தடவை வாந்தி எடுத்தார். குடித்த ஜூஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் அக்கா. அப்புறம் அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"சில்லுன்னு இருக்குடா."

"அவர் கை என்னைக்குக்கா சூடா இருந்துச்சு? ஐஸ் பழையபடி ஆயிட்டாரு!"

அக்கா சிரித்துவிட்டாள். "தூக்கம் வருது மாப்ள," என்றார் அவர். தூங்கட்டும் என்று ஜன்னலைச் சாத்தினேன். என் வாயில் மண்ணு விழ!

மூன்று மணிக்கு எழுப்பினால் எழவில்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு நாடியே கிடைக்கவில்லை. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிவிட்டது என்றார். இரண்டு கையிலும் சலைன் ஏற்றினார்கள்.

"கை கால் எப்பலேர்ந்து இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்று கேட்டார்.

"பத்தொன்பது வருஷமா டாக்டர்," என்றாள் அக்கா.

டாக்டர் புரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடப்பாவி, ஐந்து நாளாக மாமா ஃபேக்டரிப் பக்கமே போகவில்லையே! ஆறு மணிக்கு அவர் போய்விட்டார். அக்கா அந்தக் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். கத்தவில்லை.