வாங்க என்று சொல்லாதவர்

எஸ்றா வீட்டுக்கு யார் போனாலும் 'வாங்க' என்று ஒரு வார்த்தை வராது. சிரிப்பார், நாற்காலியை இழுத்துப் போடுவார், பெண்டாட்டி சாலோமியைக் கூப்பிட்டுக் காபி போடச் சொல்வார். ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் அந்த வாயில் வராது. நம்ம பக்கத்தில் இது சின்னக் குற்றமா? பகையாளி வந்தாலும் 'வாங்க' என்று சொல்லிவிட்டுத்தான் சண்டையே தொடங்குவான். கூப்பிடாத வீட்டுக்குள் மானமுள்ளவன் காலெடுத்து வைப்பானா?

கிருபாபுரம் ஆற்றுக்கு நாலு வயல் தள்ளி இருக்கிற கிறிஸ்தவ ஊர். ஸ்ரீவைகுண்டத்துக்கு இந்தப் பக்கம். ஊரே ஒரு கோயில், ஒரு மணி, ஒரு தெரு என்று இருக்கும். பட்டாளத்திலிருந்து எஸ்றா திரும்பி வந்த புதிதில் அவரைப் பார்க்க ஊரே திரண்டு போனது. படியேறி நின்றவர்கள் நின்றார்கள், நின்றார்கள், பைய இறங்கிப் போனார்கள். "பட்டாளத்துல இருந்தா கொம்பு முளைச்சிருமோ?" என்றார்கள். அதற்கப்புறம் அந்தப் படியை யாரும் மிதிக்கவில்லை. கோயிலில் ஊருக்கே ஆக்கிப் போடுகிற அசனப் பண்டிகைச் சோற்றைக்கூட வாளியோடு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்.

சாலோமிக்கு இதில் வெட்கம் தாங்காது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து புருஷனுக்கும் சேர்த்து அவள்தான் ஊரை வாங்க வாங்க என்று வாய் வலிக்கக் கூப்பிட்டாள். ஏன் சொல்ல மாட்டேன்கிறீர்கள் என்று கேட்டால் எஸ்றா எழுந்து பின்அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கிடப்பார். திமிர் என்று ஊர் சொன்னது. கிறுக்கு என்று சாலோமி நினைத்தாள். இரண்டும் இல்லை என்று சொல்ல ஒருத்தரும் இல்லை.

மகள் ஸ்வீட்லினுக்குச் சம்பந்தம் வந்தபோதுதான் விஷயம் கழுத்தைப் பிடித்தது. மாப்பிள்ளை பாளையங்கோட்டையில் வாத்தியார். பிள்ளைக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. தகவல் கொண்டுவந்தவன் அடுத்த வீட்டுக் கிங்ஸ்டன். கோயில் கமிட்டியில் இருக்கிறவன், நல்ல வாய். அவன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான்.

"மைனி, அவங்க மரியாதை பாக்குத ஆளுக. பொண்ணோட அப்பா வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லணும். சொல்லலைன்னா படியேற மாட்டாவ. பொறவு என்னையக் குத்தம் சொல்லக் கூடாது, ஆமா."

அன்றைக்குப் பிடித்தாள் சாலோமி. காலையில் காபியை நீட்டும்போது "சொல்லுங்க, வாங்க." சோற்றில் குழம்பை ஊற்றும்போது "சொல்லுங்க." எஸ்றாவுக்கு வேர்த்துக் கொட்டும். உதடு அசையும், சத்தம் வராது. சோற்றைத் தட்டோடு தள்ளிவிட்டு எழுந்து போவார். அவள் விடுவாளா? பெற்ற பிள்ளையின் வாழ்வு அல்லவா! கடைசியில் மகளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அவர் முன்னால் நிறுத்தினாள். "இவ இந்த வீட்டுலயே நரைச்சுக் கிடக்கணும்னா வாய மூடிக்கிட்டு இருங்க" என்றாள். எஸ்றா மகளைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். பழத்தட்டோடு மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பட்டுப்பாவாடையில் ஒரு சின்னப் பிள்ளை. படிக்குக் கீழே வந்ததும் அந்த அம்மா நின்றாள். கிங்ஸ்டன் சொன்னது சரிதான், கூப்பிடாமல் ஏறுகிற ஆள் இல்லை. சாலோமி பின்னாலிருந்து புருஷனின் முழங்கையைக் கிள்ளினாள்.

"வாங்க" என்றார் எஸ்றா.

அப்பாடா என்று இருந்தது சாலோமிக்கு. ஆனால் அவர் நிறுத்தவில்லை. குரல் ஏறிக்கொண்டே போனது. "வெளிய வாங்க. ஒண்ணும் செய்ய மாட்டோம். பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்கம்மா. ஒண்ணும் செய்ய மாட்டோம்." அந்த அம்மா முழித்தாள். பாவாடைக்காரப் பிள்ளை சிரித்துக்கொண்டே படியில் கால் வைத்தது. அவ்வளவுதான். எஸ்றா ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து பிள்ளையைக் கீழே தள்ளி அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். பிள்ளை வீரிட்டது. பழத்தட்டு தெருவில் உருண்டது. நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அவர் விடவில்லை, "படுங்க, படுங்க" என்று கத்திக்கொண்டே கிடந்தார்.

வேன் வந்த வழியே போய்விட்டது. ஸ்வீட்லின் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். அதைப் பார்த்துவிட்டுச் சாலோமி எழுந்து போனாள். பின்அறைக் கதவைத் திறந்து, கட்டிலுக்கடியில் கிடந்த புருஷனைக் குனிந்து பார்த்துச் சொன்னாள்.

"நீங்க பட்டாளத்துலயே செத்திருக்கலாம்."



அந்த வாரமே தாஜ் முகம்மது மேலப்பாளையத்திலிருந்து வந்தார். எஸ்றாவோடு ஒன்றாகப் பட்டாளத்தில் இருந்தவர், அந்த வீட்டுக்குள் யாரும் கூப்பிடாமல் வருகிற ஒரே ஆள். சாலோமி அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, சொல்லக்கூடாதுன்னு இவன் சத்தியம் வாங்கினதால இத்தன வருசம் மூடி வச்சேன். எண்பத்தேழுல எங்கள யாழ்ப்பாணத்துப் பக்கம் அனுப்பினாங்க. எங்க கூட்டத்துல தமிழ் தெரிஞ்சது நாங்க ரெண்டு பேருதான், மத்தவனெல்லாம் வடக்கத்தியான். ஒரு வீட்டுக்குள்ள ஆளுங்க பதுங்கிக் கெடந்தாங்க. கூப்பிடுன்னு இவன முன்னால நிறுத்தினாங்க. வெளிய வாங்க, ஒண்ணும் செய்ய மாட்டோம்னு கூப்பிட்டான். யாரும் வரல. மறுபடியும் கூப்பிட்டான், சொந்தக்காரங்களக் கூப்பிடுத மாதிரி, பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்கம்மான்னு. அந்தக் குரல நம்பி வந்தாங்க. பொம்பளைங்களும் பிள்ளைங்களும். எங்கன இருந்து சுட்டான், எவன் சுட்டான், இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது. அந்த வாசப்படியத் தாண்டுனதுல ஒண்ணுகூட மிஞ்சல, தங்கச்சி. அல்லாவே, அதுல ஒரு சின்னக்குட்டி இவன் காலடியிலதான் விழுந்துச்சு."

சாலோமி வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு வாசலில் அவரைக் கிள்ளிய விரல் அவளுக்கே ஆகவில்லை. பின்அறைக்குப் போய்க் கட்டிலுக்கடியில் கையை நீட்டினாள். எஸ்றா அந்தக் கையைப் பிடிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அதற்கப்புறம் அவரை அவள் எதற்கும் கூப்பிட்டதில்லை, சோற்றுக்குக்கூட. தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்பாள்.

ஊருக்கு அந்தக் கதை தெரியுமா என்றால் தெரியும். சாலோமியே கிங்ஸ்டனிடம் சொல்லி அழுதாள், இனிமேலாவது இரங்குவான் என்று நினைத்து. அவனா இரங்குவான்! பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் அவன் நடித்தே காட்டினான், எஸ்றா பாய்ந்தது எப்படி, படுத்தது எப்படி என்று. ஒரே வாரத்தில் அது ஊருக்கு விளையாட்டாகிப்போனது. கோயிலுக்குப் போகிறவன், வயலுக்குப் போகிறவன், மீசை முளைத்தவன், நரைத்தவன் எவனானாலும் அந்த வீட்டைத் தாண்டும்போது ஒரு குரல் விடுவான். "அண்ணாச்சி, வெளிய வாங்க, ஒண்ணும் செய்ய மாட்டோம்!" உள்ளே கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் கேட்கும். கேட்டுச் சிரித்துவிட்டுப் போவான். சாலோமி விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஓடுவான். வருஷக்கணக்கில் நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே வாய் கோயிலில் பாட்டுப் பாடும்.

ஸ்வீட்லினுக்கு வேறு சம்பந்தம் அமையவில்லை. பட்டாளத்தான் மகள் என்றாலே தட்டிப்போகும். அவள் சாத்தான்குளத்தில் வாத்திச்சி வேலை வாங்கிக்கொண்டு அங்கேயே வீடு பார்த்துக்கொண்டாள். சாலோமி போக வர இருப்பாள்.

அப்படி மகள் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அந்த டிசம்பர் மழை பிடித்தது. வானம் கிழிந்து கொட்டியது. பாலம் போயிற்று, ரோடு போயிற்று, ஆறு வயலைத் தின்றுவிட்டு ஊருக்குள் வந்துவிட்டது. சாலோமி போனை எடுத்தாள். தாஜ் முகம்மதுவின் போன் கிடைக்கவில்லை. கிடைத்தது கிங்ஸ்டனுடையதுதான்.

"தம்பி, உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். அவுகளக் கூப்பிட மட்டும் செய்யாதீங்க. கூப்பிட்டா வர மாட்டாவ. பொறவாசல் கதவு வெறும் சணல் கயித்துலதான் கட்டிக் கெடக்கு. ஒரு இழுப்பு இழுத்தாப் போதும். உள்ள போயி அப்படியே தூக்கிட்டு வந்துருங்க. வாயத் தொறக்காதீங்க, தம்பி."

"சரி மைனி. நான் பாத்துக்கிடுதேன், கவலைப்படாதீங்க" என்றான் அவன்.

கடற்கரைப் புன்னக்காயல்காரர்கள் மீன்பிடி வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியிருந்தார்கள். கிங்ஸ்டன் முன்னால் நின்று வீடு வீடாகக் கைகாட்டினான். எஸ்றா வீட்டில் தண்ணீர் ஜன்னலைத் தொட்டுவிட்டது. வள்ளம் தள்ளுகிறவர் பின்பக்கம் போகலாமா என்று கேட்டார்.

"கூப்பிடாத வீட்டுக்குள்ள பொறவாசல் வழியா நுழைய நான் என்ன களவாணியா? குரல் குடுத்தா வருவாரு, வே" என்றான் கிங்ஸ்டன். கையை வாயில் குவித்துக் கத்தினான். "அண்ணாச்சி, வெளிய வாங்க! ஒண்ணும் ஆகாது, வெளிய வாங்க!"

வள்ளத்தில் உட்கார்ந்திருந்த கிருபாபுரத்தார் சிலருக்கு, அந்த நனைந்த நடுக்கத்திலும், சிரிப்பு வந்துவிட்டது. அவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். பிறகு, "மனுசனுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது" என்று சொல்லிவிட்டு வள்ளத்தை அடுத்த வீட்டுக்குத் தள்ளச் சொன்னான்.

இதெல்லாம் அந்த வள்ளக்காரர் பிற்பாடு சாலோமியிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது. தண்ணீர் வடிந்து அவள் மகளோடு வந்து சேர்ந்தபோது எஸ்றா கட்டிலுக்கு அடியில்தான் இருந்தார், சேற்றோடு சேறாக. பின்கதவுக் கயிறு கட்டினது கட்டினபடியே இருந்தது.

அடக்கத்தன்றைக்கு ஊரே வந்தது. இத்தனை காலம் மிதிக்காத படிக்கு முன்னால் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். கிங்ஸ்டன் பெரிய மலர்வளையம் வாங்கி வந்திருந்தான். 'தேசம் காத்த எங்கள் ஊர் வீரர்' என்று அதில் எழுதியிருந்தது. சாவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று சொல்வதில்லை, வருகிறவர்கள் வாய் பேசாமல் வந்து வாய் பேசாமல் போவார்கள். அந்தத் தைரியத்தில்தான் வந்திருந்தார்கள் போல.

சாலோமி பெட்டியின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க தம்பி" என்றாள். "ஏன் அங்கனயே நிக்கீங்க? எல்லாரும் வாங்க. பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. ஒண்ணும் செய்ய மாட்டோம்."

படியில் வைத்த காலைக் கிங்ஸ்டன் எடுத்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் அசையவில்லை. பாதிரி ஐயர்கூட ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டார். சாலோமி இன்னொரு தடவை கூப்பிட்டாள். ஒருத்தரும் வரவில்லை.

அவள் உள்ளே போய்ப் பின்கதவுக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள். அது அவிழ்ந்து கையோடு வந்தது. தாஜ் முகம்மதுவும் புன்னக்காயல்காரர்களும் பெட்டியை அந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.