தேர்தலுக்குத் துப்பாக்கியை ஒப்படைத்தாயிற்றா?

நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் கண்ணாடிக் கதவில், கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். தினமும் காலையில் சாப்பாட்டுப் பையோடு அதைக் கடந்துதான் உள்ளே போகிறேன். நம் ஊர்க் கதவுகளில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று இருக்கும், 'செருப்பை வெளியே விடவும்' என்று இருக்கும். இங்கே டெக்சாஸில், இப்படி ஒட்டாத இடத்துக்கு லைசென்ஸ் உள்ளவர் இடுப்பில் செருகிக்கொண்டே வரலாமாம். எனக்கு இதை விளக்கிய சக ஊழியர், மழை நாளில் குடை எடுத்து வருவதைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். வந்து நான்கு வருடமாகிறது. இன்றும் அந்தக் கதவைத் தள்ளும்போது சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டில் ரே, பெட்டி என்ற தம்பதி. ரே தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு வயதாகும் எங்கள் மகள் காவ்யா பள்ளி விட்டதும் நேரே அவர்கள் வீட்டுக்குத்தான் போவாள். என் மனைவி உமா ஆபீஸிலிருந்து திரும்பும்வரை பெட்டிதான் பார்த்துக்கொள்கிறார். சொந்த அத்தை வீடு போல அந்தக் குழந்தை அங்கே பிரிட்ஜைத் திறந்து தின்கிறது. செப்டம்பரில் அவர்கள் வீட்டுக் கொல்லையில் கறி சுட்டுச் சாப்பிட எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் தட்டில் மக்காச்சோளம் மட்டும். அன்று பேச்சோடு பேச்சாக ரே தன்னிடம் மூன்று துப்பாக்கிகள் இருப்பதாகச் சொன்னார். ஒன்று கடையில் வாங்கியது. கடைக்காரர் யாருக்கோ போன் செய்து, இந்த ஆள் குற்றவாளியா என்று விசாரித்த பிறகே கொடுத்தாராம். மற்ற இரண்டும் நண்பர்களிடம் வாங்கியவை. விசாரணை கிடையாது, கை குலுக்கியதோடு சரி. அதுவும் சட்டப்படி செல்லுமாம்.

எனக்குத் தலை சுற்றியது. ஒரே பொருளைக் கடையில் வாங்கினால் விசாரிக்கிறார்கள், நண்பரிடம் வாங்கினால் விசாரிப்பதில்லை. எல்லாரையும் விசாரித்தால் என்ன என்று கேட்டேன். பெட்டி உடனே ஆமாம் என்றார், ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு அதில் என்ன கஷ்டம் என்றார். ஆனால் யாரிடம் எது இருக்கிறது என்று பதிவு மட்டும் கூடாதாம். ரேவுக்கு இரண்டுமே ஆகாது. எல்லாரையும் விசாரிக்க வேண்டுமென்றால் எல்லாரையும் எழுதி வைக்க வேண்டிவரும், எழுதி வைத்தால் ஒருநாள் கதவைத் தட்டுவார்கள் என்றார். கிரீன் கார்டுக்காக என் பத்து விரல்களையும் உருட்டி ரேகை எடுத்திருக்கிறார்கள், ஊர்ப் போலீஸிடம் நற்சான்றும் வாங்கித் தரச் சொன்னார்கள் என்று சமாதானமாகச் சொன்னேன். ரே என் தோளில் கைவைத்து, அப்படி நடத்தியதற்கு வருந்துவதாகச் சொன்னார். அது அவமானம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் உமா பிடித்துக்கொண்டாள். வேறொரு மாநிலத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் போன வருடம் டிவியில் பார்த்ததிலிருந்தே அவளுக்குத் தூக்கம் சரியில்லை.

"புள்ளைய அனுப்பற வீட்டுல மூணு துப்பாக்கி இருக்குதுங்க. பூட்டி வெச்சிருக்காங்களான்னு நீங்க கேட்டே ஆகோணும். இல்லீன்னா நான் வேலைய ரிசைன் பண்ணிட்டு வீட்டுல உக்காந்துக்கறேன்."

விசா மாற்றி அந்த வேலைக்குப் போக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். சும்மா மிரட்டவில்லை என்பதும் தெரியும். ஆனால் எப்படிக் கேட்பது? நம் ஊரில் சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் குழந்தை இல்லை என்றெல்லாம் பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரரிடமே கேட்டுவிடலாம். இங்கே எதைக் கேட்டால் சுருக்கென்று தைக்கும் என்று தெரிவதில்லை. சுற்றி வளைத்து ஆரம்பிப்பதுதான் மரியாதை என்று தோன்றியது. அக்டோபரில் தெருவெல்லாம் வேட்பாளர் பெயர் எழுதிய அட்டைகள் முளைத்திருந்தன. ரே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "தேர்தல் வருகிறதே, துப்பாக்கியை ஒப்படைத்தாயிற்றா?" என்று கேட்டேன்.

நான் பிறந்தது உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில். காட்டுப்பன்றி வந்து நிலக்கடலையைக் கிளறிப்போட்டுவிடும். அதற்காக அப்பா ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கியிருந்தார். விண்ணப்பித்த சமயம் போலீஸ்காரர் ஊருக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்து அப்பா எப்படிப்பட்டவர் என்று விசாரித்தார். ஊரே அப்பாவுக்குச் சாட்சி சொன்னது. அதை அவர் ஒரு பட்டம் மாதிரி வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அப்பா அதை வேட்டியில் சுற்றி, பேருந்தில் ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு போவார். தேர்தல் முடிந்ததும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த ரசீதைக் காட்டித் திருப்பி வாங்கி வருவார். துப்பாக்கி உள்ள எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

ரே குழாயைக் கீழே போட்டார். யாரிடம் ஒப்படைப்பது, யார் சொன்னது என்று கேட்டார். போலீஸிடம் என்றேன். அவர் விடுவிடென்று உள்ளே போய் டிவியைப் போட்டார். என்னவோ செய்தி வந்துவிட்டதாக நினைத்துவிட்டார் மனிதர். நான் பின்னாலேயே ஓடி, எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாத் தடவையும் உங்கப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்தாங்களா?"

பொய் சொல்ல வரவில்லை. கடைசித் தடவை கொடுக்கவில்லை. புது இன்ஸ்பெக்டர் வந்தார், லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை என்றார், நாளை வா என்றார். அப்பா நடையாய் நடந்து ஓய்ந்துபோனார். அந்த வருடம் பன்றிகள் கடலையை முழுதாகத் தின்றன. "இதைத்தான் சொல்றேன்" என்றார் ரே. அடுத்த வாரம் அவருடைய நண்பர்கள் வந்தபோது என்னை முன்னால் நிறுத்தி இந்தக் கதையைச் சொன்னார். உடுமலைப்பேட்டை அப்பா டெக்சாஸ் அரசியலில் ஒரு கட்சிக்குச் சாட்சியாகிவிட்டார்.

எனக்கு அது ஆறவில்லை, ஏனென்றால் அது பாதிக் கதை. அதற்கு முந்தைய ஒரு தேர்தல் சமயம் கிணற்றுத் தண்ணீர் முறையில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தகராறு. வார்த்தை தடித்தது. அப்பா வேகமாக வீட்டுக்குள் வந்து துப்பாக்கி மாட்டியிருக்கும் சுவரில் கைவைத்தார். வெறும் ஆணிதான் இருந்தது. துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தது. சுவரைப் பார்த்தபடியே கொஞ்சநேரம் நின்றார், பிறகு கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். இப்போது அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் கல்யாணங்களுக்குப் போகிறார்கள். அப்பா தன் அண்ணனைச் சுடக் கிளம்பியதை அயல்வீட்டுக்காரரிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. பூட்டைப் பற்றியும் கேட்கவில்லை. ஒரே லைசென்ஸ் பதிவேடு பெரியப்பாவைக் காப்பாற்றியது, அப்பாவை ஏமாற்றியது. நான் எந்தப் பக்கம் என்று இரண்டு வாரம் யோசித்தும் பிடிபடவில்லை.

கடைசியில் உமாதான் முடித்தாள். காவ்யாவை அழைக்கப் போனவள் சமையலறையில் நின்றே பெட்டியிடம் பூட்டைப் பற்றிக் கேட்டுவிட்டாள். பூட்டில்லை, அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது என்று பெட்டி உள்ளதைச் சொல்லியிருக்கிறார்.

"உங்கப்பா செவுத்துல கைய வெச்ச கதையவும் சொல்லிப்போட்டேனுங்க. நம்ம கவுரவத்தப் பாத்தா புள்ளைக்கு ஆகுமா?"

எனக்குக் கூசியது, ஆறுதலாகவும் இருந்தது. மறுநாள் காலை நான் காரை எடுக்கும்போது ரே வந்து நின்றார். இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி மூன்றையும் உள்ளே வைத்துவிட்டதாகச் சொல்லி, சின்னச் சாவி ஒன்றை நீட்டினார்.

"உங்க பொண்ணு எங்க வீட்டுல இருக்கற நேரம் இது உங்ககிட்ட இருக்கட்டும். சாயங்காலம் வாங்கிக்கறேன். யாரும் சொல்லி நான் செய்யலை, அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க."

பதிவே கூடாது என்ற மனிதர், ஓட்டுரிமையோ கிரீன் கார்டோ இன்னும் இல்லாத என்னைத் தன் போலீஸ் ஸ்டேஷனாக்கிவிட்டார். இதை அவரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார். தினமும் சாவியோடு ஆபீஸ் போகிறேன், வருகிறேன். உமா வேலையை விடவில்லை.

தேர்தல் நடந்த அன்று சாயங்காலம், அங்கே விடியற்காலை, அப்பாவுக்குப் போன் செய்து இந்தச் சாவிக் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் வாசல் மணி அடித்தது. ஓட்டுப் போட்ட அடையாளமாகச் சட்டையில் சின்ன ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிக்கொண்டு ரே நின்றிருந்தார். தோளில் போனை இடுக்கிக்கொண்டு சாவியை எடுத்து நீட்டினேன்.

"அவருக்கு ரசீது எழுதிக் குடுத்தியா கண்ணு?" என்றார் அப்பா.

ரே சாவியை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். ரேவுக்கு ஆங்கிலத்திலும் அப்பாவுக்குத் தமிழிலும் 'நாளைக்கு' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.