பூஜைக்கு வைத்த கட்டை

எங்கள் லைனில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் கழுத்தில் ஒரு கட்டையை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இதை எழுதவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இருந்தாலும் எழுதத்தான் போகிறேன். யாருக்காவது சாப்பிடும் நேரமாக இருந்தால் இதை அப்புறம் படித்துக்கொள்ளட்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டி அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. வயரை அளந்து வெட்டி, முனை பூட்டி, டேப் சுற்றிக் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்குப் பெண்கள்தான். பிரஸ், ஸ்டோர்ஸ், லோடிங் எல்லாம் ஆண்கள். நான் பழவேற்காட்டிலிருந்து வருகிறேன். எங்கள் வீட்டில் காலங்காலமாகத் துணி வியாபாரம். என் வீட்டுக்காரர் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டத் தொடங்கியதும் நான் கம்பெனி வேன் ஏறினேன். என் பக்கத்து டேபிளில் பெரியபாளையம் பக்கத்து அக்கா. அவர்கள் வீட்டில் சொந்த நிலம், நெல் போடுகிறார்கள். நடவு, அறுப்பு என்று வெயிலில் நின்று பழகின உடம்பு. வாயும் அப்படித்தான், யாருக்கும் பயப்படாது.

நாங்கள் எல்லோரும் சங்கத்தில் சேர்ந்து, சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு உள்ளே வந்த வாரம்தான் கட்டை வந்தது. அதற்கு முன்னால் அவசரம் என்றால் சொல்லிவிட்டுப் போவோம், வருவோம், அவ்வளவுதான். பெண்கள் பாத்ரூமில் கூடிக் கூடிச் சங்கம் பேசுகிறார்களாம், அதனால் இனிமேல் ஒரு நேரத்தில் ஒருத்திதான் போகலாம் என்று எங்கள் லைன் சூப்பர்வைசர் சொன்னார். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மரக்கட்டை. அதில் ஓட்டை போட்டு நைலான் கயிறு கட்டி, தன் மேஜைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டினார். கேமராவில் தெரிகிற மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஒருத்தி திரும்பி வந்து அதை ஆணியில் மாட்டும்வரை இன்னொருத்தி எழுந்திருக்கக் கூடாது.

இந்த சூப்பர்வைசர் வானத்திலிருந்து குதித்தவர் இல்லை. பிரஸ் ஷெட்டில் எங்களைப் போலவே கையில் கிரீஸ் பூசிக்கொண்டு வேலை பார்த்தவர்தான். பழைய தகராறு ஒன்றில் கேட்டுக்கு வெளியே நின்று, நரம்பு புடைக்க கோஷம் போட்டதை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். புரமோஷன் வந்தது, சட்டை நிறம் மாறியது, ஆளும் மாறிவிட்டார். இப்போது எங்களைக் கண்டால் 'கொடிக்காரிங்க' என்பார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது உதட்டோரம் ஒரு கோணல் விழும் பாருங்கள், அதைப் பார்த்தால் எனக்குக் காலையில் தின்ற நாஷ்டா தொண்டைக்கு வரும்.

அந்தக் கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாத்ரூமில் ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டையை மாட்ட உள்ளே கொக்கி இல்லை. தரை எப்போதும் ஈரம், அதில் வைக்க முடியாது. கழுத்திலேயே விட்டால் குனியும்போது கீழே தொங்கிப் படக்கூடாத இடத்தில் படும். அதனால் கட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் கதவையும் மறு கையால் துணியையும் பிடித்துக்கொண்டு உட்காருவோம். எனக்கு முன்னால் போனவள் கடித்த கட்டை, அவளுக்கு முன்னால் போனவள் கடித்த கட்டை. போகப் போக அது ஊறிக் கறுத்துப் போயிற்று. ஓரமெல்லாம் பல் தடம். ஒருநாள் கயிற்றில் யாருடைய முடியோ சிக்கியிருந்தது. அன்றைக்கு நான் வாந்தியே எடுத்துவிட்டேன்.

இதனால் நாங்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அக்கா வீட்டிலிருந்து பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டு வருவார். நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு, சாயங்காலம் வேனில் அப்படியே திருப்பி எடுத்துப் போவார். வெயில் காலத்திலும் இதே கதைதான். கடைசியில் அக்காவுக்கு எரிச்சல் தொடங்கியது, அப்புறம் காய்ச்சல், அப்புறம் சிறுநீரில் ரத்தம். டாக்டர் நன்றாகத் திட்டியிருக்கிறார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது, இப்படியே இருந்தால் கிட்னிக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அக்கா மருந்துச் சீட்டோடு சூப்பர்வைசர் மேஜைக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன்.

"சார், எனக்கு அடிக்கடி போவணும்னு டாக்டர் சொல்லிக்கிறாரு. எனக்கு மட்டுமாவது கட்ட இல்லாம உடுங்க."

அவர் சீட்டைத் தொடக்கூட இல்லை. "ஒடம்புக்கு முடிலன்னா லீவு போட்டுக்கினு ஊட்ல ஒக்காரும்மா. உனக்கு உட்டா எல்லாரும் சீட்டு தூக்கிக்கினு வருவாங்க. அப்பால லைன் இன்னா ஆவறது?"

லீவு போட்டு உட்கார்ந்தால் திரும்ப வரும்போது டேபிள் இருக்காது. இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கிட்னி வேண்டுமா, வேலை வேண்டுமா என்பதைத்தான் அந்த மனுஷர் அப்படி நாசூக்காகக் கேட்டார்.

சரி, சங்கம் எதற்கு இருக்கிறது? செயலாளரிடம் சொன்னோம். ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவர், நல்ல பேச்சாளர், கேட் கூட்டத்தில் அவர் பேசினால் புதுவாயல் கூட்டு ரோடு வரைக்கும் கேட்கும் என்று கிண்டல் செய்வோம். கமிட்டியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அவர்கள் ஷெட்டை ஒட்டியே அவர்களுக்கு பாத்ரூம், கட்டையும் கிடையாது ஒன்றும் கிடையாது. எங்கள் விஷயத்தைக் கோரிக்கைகளில் கடைசியாகச் சேர்த்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். கேன்டீனில் முட்டை, புது ஷூ, மழை நாளில் ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொள்ளும் வேன் என்று வாங்கிக்கொண்டு வெற்றிக் களிப்போடு வந்தார்கள்.

"கட்ட விசயம் இன்னாண்ணே ஆச்சி?" என்று கேட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த தபா பாத்துக்கலாம்மா. அத்தப் போயி மேனேஜராண்ட எப்டிப் பேசறது? அசிங்கமா இருக்காது?"

தொண்டை கிழியக் கத்துகிறவருக்கு பாத்ரூம் என்கிற ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை. எங்கள் வாயில் அந்தக் கட்டை போகலாம், அவர் வாயில் அதன் பேர் வரக்கூடாது! அன்றைக்கு எனக்கு சூப்பர்வைசர் மேல் வந்ததைவிட அதிகமான அருவருப்பு இவர் மேல் வந்தது. அவராவது எதிரி என்று தெரிந்தவர்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் விடுமுறைக்கு முந்தின நாளே மத்தியானத்தோடு மெஷினை நிறுத்திப் பூஜை போட்டுவிடுவார்கள். எங்கள் மதத்தில் அந்தப் பூஜை கிடையாது என்றாலும் மெஷின் துடைப்பதும் தோரணம் கட்டுவதும் எல்லோரோடும் சேர்ந்துதான். பொரிகடலையும் சுண்டலும் வீட்டுக்கு எடுத்துப் போனால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். லைனில் இருக்கிற ஒரு பொருளையும் பொட்டு வைக்காமல் விடக்கூடாது என்பது வழக்கம். முனை பூட்டுகிற கிரிம்பிங் மெஷின், ஃபேன், நாற்காலி, துடைப்பம் வரைக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. கையில் பிடிக்கிற சாமான்களை, கட்டர், இடுக்கி, ஸ்கேல் எல்லாவற்றையும் ஒரு பெரிய தாம்பாளத்தில் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். பக்கத்திலேயே வாழைப்பழமும் சுண்டலும் இருக்கும். அப்படி வைத்ததை விஜயதசமி கழிந்துதான் எடுக்க வேண்டும். இந்த விஷயத்தில் எங்கள் சூப்பர்வைசர் ரொம்ப ஆசாரம்.

ஆசாரம் முற்றிப்போய் அன்றைக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆணியில் தொங்கிய கட்டையையும் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, மூன்று விரலால் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்துத் தாம்பாளத்தில் வைத்துவிட்டார். எங்களுக்குக் கட்டர் ஆயுதம், அவருக்கு அது ஆயுதம். கற்பூரம் காட்டும்போது அதற்கும் சேர்த்துக் காட்டினார். மேனேஜர் கண்ணை மூடிக் கும்பிட்டார். சங்கச் செயலாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். அவர் அடக்கியது வேறு.

பூஜை முடிந்து பூசணிக்காய் உடைத்தாயிற்று. வேன் வர இன்னும் நேரம் இருந்தது. அக்கா முகமெல்லாம் வேர்த்து சூப்பர்வைசரிடம் போனார்.

"சார், போவணும்."

"பாக்கிறியே, கட்ட பூஜைல கீது. விஜயதசமி கழிச்சிதான் எடுக்கணும்."

"அப்ப கட்ட இல்லாமப் போறேன்."

"அதெப்டி? இன்னிக்கு ஒன்ன உட்டா நாளைக்கு ரூலுன்னு ஒண்ணு இருக்குமா?"

அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மேனேஜர் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கையில் பொரிப் பொட்டலம். "நல்ல நாளும் அதுவுமா பேஜாரு பண்ணாதக்கா. வேன் வந்துரும், கொஞ்சம் பொறுத்துக்க" என்றார். சூப்பர்வைசருக்கும் செயலாளருக்கும் ஆகவே ஆகாது என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. அக்காவை அடக்கச் சொல்வதில் மட்டும் எவ்வளவு ஒற்றுமை!

அக்கா நேரே தாம்பாளத்துக்குப் போய், பொட்டு வைத்த கட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கேமராவுக்கு நேராக நடந்து போனார். "யம்மா, யம்மா!" என்று சூப்பர்வைசர் கத்தினார். பின்னாலேயே போய்ப் பிடுங்க முடியாது, அது பெண்கள் பாத்ரூம்.

திரும்பி வந்த அக்கா ஆணிப் பக்கம் போகவில்லை. தாம்பாளத்தில், எடுத்த இடத்திலேயே கட்டையை வைத்தார். சந்தனம் கரைந்து வழிந்திருந்தது. ஈரக் கயிறு வாழைப்பழத்தின் மேலும் சுண்டலின் மேலும் விழுந்தது. சுண்டலுக்குக் கையை நீட்டியிருந்த மேனேஜர் சுட்டுக்கொண்டவர் மாதிரி இழுத்துக்கொண்டு "சீ!" என்றார். செயலாளர் இரண்டு எட்டு பின்னால் போனார்.

"அய்யய்யோ, பூஜைத் தட்டுல! கருமம், கருமம்! இன்னா பொம்பள நீ?" என்று சூப்பர்வைசர் குதித்தார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "இத்தத்தான் சார் நாங்க தெனம் வாயில கடிச்சிக்கினு ஒக்கார்றோம்."

விஜயதசமி வரை எதையும் தொடக்கூடாது என்றவர், தாம்பாளத்தில் இருந்த இடுக்கியையே எடுத்து, கயிற்று நுனியைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டையைத் தூக்கிப் போய்க் குப்பையில் போட்டார். பின்னாலேயே சுண்டலையும் கொட்டினார்கள். எங்கள் கழுத்தில் தொங்கியவரை அந்தக் கட்டையில் ஒரு அசுத்தமும் அவர்கள் கண்ணில் படவில்லை.

விடுமுறை முடிந்து வந்தபோது ஆணி மட்டும் இருந்தது. யாரும் ஒன்றும் அறிவிக்கவில்லை. கேன்டீன் பக்கத்து நோட்டீஸ் போர்டில்தான் சங்கத்தின் தாள் ஒட்டியிருந்தது. சங்கத்தின் விடாமுயற்சியால் பெண் தோழர்களின் நீண்ட நாள் பிரச்சினை தீர்ந்தது என்று போட்டிருந்தார்கள். என்ன பிரச்சினை என்பதை அங்கேயும் எழுதவில்லை.

அக்கா அதை எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்தார். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அக்கா பையிலிருந்து பாட்டிலை எடுத்தார், மூடியைத் திறந்தார், அந்தத் தாளைப் பார்த்தபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தார்.