கடி சேராத நாட்கள்

என் வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து கேப் போட்டார்கள். மைசூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்தான். வலி போய்விட்டது. ஆனால் வாயை மூடினால் அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு மேல்பல்லில் இடித்தது. டாக்டர் நீலத் தாளைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். நீலம் பட்ட இடத்தை ராவிவிட்டு, "ஈக சரி ஹோய்தா?" என்று கன்னடத்தில் கேட்டார். சரியாகிவிட்டது என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். தெருமுனை வருவதற்குள் மறுபடி இடித்தது.

எனக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில், சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. காலை ரயிலில் போகும் வழியெல்லாம் கடித்துக் கடித்துப் பார்த்துக்கொண்டே போவேன். என் கணவருக்கு அப்போதுதான் ஹூப்ளிக்கு மாற்றல் வந்திருந்தது. வீட்டில் தனியாகத்தான் சாப்பாடு. சாப்பிடும்போது மெல்லும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. "இன்னும் அதே பல்லா?" என்று அவர் போனில் அலுத்துக்கொள்ள ஆரம்பித்ததும் அவரிடம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

டாக்டரை மாற்றினேன். மறுபடியும் மாற்றினேன். அப்படிப் போன ஒரு கிளினிக்கில் காத்திருந்தபோதுதான் அந்த அக்காவைப் பார்த்தேன். கொள்ளேகால் பக்கத்துக்காரர், மைசூரில் தையல் கடை வைத்திருந்தார். நான் தாடையை அசைத்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு அவராகவே பேசினார்.

"ஏனுங் அம்மிணி, உங்களுக்கும் கடி சேரலீங்களா?"

"ஆமாங்க்கா. கேப் போட்டதுல இருந்து."

"எனக்கும் அதேதானுங்க. பல்லு நட்டுக்கிட்டு நிக்குதுன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

நான் நம்பினேன். அன்று முதல் தினமும் சாயங்காலம் போனில் பேசிக்கொண்டோம். இன்றைக்கு எப்படி இருந்தது, எந்தப் பக்கம் மென்றது, இதுதான் பேச்சு. பேசும்போது ஆறுதலாக இருக்கும். வைத்த பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்று இன்னொரு முறை கடித்துப் பார்ப்பேன்.

கடைசியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. எக்ஸ்ரே பார்த்தார், மெல்லிய தகடுகளை வைத்துக் கடிக்கச் சொல்லி நிதானமாகச் சோதித்தார்.

"பல் சரியா இருக்கும்மா. இனிமே யாரையும் ராவ விடாதீங்க."

"அப்போ எனக்குப் பைத்தியமா மேடம்?"

"இல்லம்மா. உங்களுக்கு இடிக்கறது நிஜம். கையில கட்டியிருக்கற வாட்ச் கொஞ்ச நேரத்துல மறந்து போயிடுதில்ல? பல்லு தொடறதையும் மூளை அப்படித்தான் விட்டுடும். உங்களுக்கு விடாம கவனிக்குது. நீங்க கடிச்சுப் பாக்கப் பாக்க இன்னும் கவனிக்கும்."

மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். போகவில்லை.

அக்காவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "வாயில இருக்கறது மண்டைக்குள்ள எப்படீங்க இருக்கும்? நான் பல்லையே புடுங்கிப் போடறேன்." எங்கோ ஒரு கிளினிக்கில் சொன்னபடியே பிடுங்கிக்கொண்டார்.

புண் ஆறும்வரை போன் வரவில்லை. பிறகு ஒரு நாள் நான் அலுவலகத்தில் இருக்கும்போது கூப்பிட்டார்.

"அம்மிணி, இடிக்குதுங்க."

"எந்தப் பல்லுக்கா?"

"புடுங்கின பல்லுதானுங்க."

அன்று சாயங்காலம் அவர் கடைக்குப் போனேன். வாயைத் திறந்து காட்டினார். ஈறு நன்றாக ஆறியிருந்தது, பல் இருந்த இடம் காலி. அந்தக் காலி இடத்தில் விரலை வைத்து, "இங்கதானுங்க" என்றார். அழவில்லை. பயந்திருந்தார். நானும்தான். அடுத்த சனிக்கிழமை இருவருமாக அந்த மனநல மருத்துவரிடம் போனோம்.

அவர் நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். தினம் ஒரு சிறிய மாத்திரை கொடுத்தார். சாப்பிடும் நேரம் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது, கண்ணாடியில் பார்க்கக்கூடாது என்றார். நாங்கள் இருவரும் பல்லைப் பற்றிப் பேசிக்கொள்ளவே கூடாது என்றும் சொன்னார்.

"அப்பறம் என்னத்தப் பேசறதுங்க?" என்று அக்கா நிஜமாகவே கேட்டார்.

இது ஆரம்பித்த சமயத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று மருத்துவர் விசாரித்தார். நான் கணவரின் மாற்றலைச் சொன்னேன். அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மூத்த மகள் வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள், அதற்குப் பிறகு பேச்சில்லை என்றார். மாதக்கணக்காகத் தினமும் அவருடன் பேசியிருக்கிறேன். அவருக்கு மகள் இருப்பதே எனக்குத் தெரியாது. அதுதான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. கவலையோடு இருக்கும்போது இது கூடும் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு போனில் பேசுவது சிரமமாக இருந்தது. மழை, துணி, கரண்ட் என்று ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் ஹூப்ளியைப் பற்றிச் சொன்னேன்.

ஒரு மத்தியானம் கேன்டீனில் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் பல்லின் நினைவே வந்தது. நினைத்ததும் இடித்தது. விட்டுவிட்டுப் போய் வேலையைப் பார்த்தேன். இப்போதும் சோர்வாக இருக்கும் நாட்களில் வரும், போகும். அக்காவுக்கு இன்னும் மெதுவாகத்தான் குறைகிறது. இருவருக்கும் மாத்திரை தொடர்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகளும் மருமகனும் வீட்டுக்கு வந்து போனார்களாம். கோழி அடித்துக் குழம்பு வைத்தாராம். "அந்தப் பையனுக்குக் காரமே ஆக மாட்டீங்குதுங்க, கண்ணுல தண்ணி ஊத்துது" என்று வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.